ஒன்றையும் இழக்க மனமில்லாத ஆண்டவர்

பாஸ்கா காலம், மூன்றாம் வாரம், சனிக்கிழமை
திருத்தூதர் பணிகள் 9:31-42, யோவான் 6:60-69



யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைப் போன வாரம் வெள்ளிக்கிழமை வாசிக்கத் தொடங்கினோம். இன்றோடு அது நிறைவு பெறுகிறது. ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஆண்டவர் பெருந்திரளான மக்களின் பசியை ஆற்றியதில் தொடங்கி, பலர் அவரை விட்டு விலகிப்போனதில் வந்து நிற்கிறோம். இந்த நீண்ட அதிகாரத்தில் இரண்டு இடங்களை இன்று சேர்த்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் இடம், எல்லாரும் உண்டு முடித்த நேரம். மிஞ்சிக் கிடந்த அப்பத் துண்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து எடுக்கும்படி ஆண்டவர் சீடர்களிடம் சொல்கிறார். புல் தரையில் சிதறிக் கிடந்தவை அவை. அவற்றைப் பொறுக்கி எடுத்தபோது பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. இரண்டாவது இடத்தைக் கடந்த புதன்கிழமை கேட்டோம். தந்தை தம்மிடம் ஒப்படைத்தவர்களுள் ஒருவரையும் தாம் இழந்துவிடக் கூடாது என்பதே தம்மை அனுப்பியவரின் விருப்பம் என்று ஆண்டவர் சொல்கிறார். அப்பத்தைப் பற்றி முதலில் சொன்ன அதே கவலையைப் பிறகு மனிதரைப் பற்றிச் சொல்கிறார். உணவுத் துண்டு வீணாவதைக்கூடப் பொறுக்காத மனம் அது. மனிதர் தொலைந்துபோவதை அந்த மனம் எப்படிப் பொறுக்கும்?

இந்த மனம் படைத்தவர்களை நாம் எங்கே காணலாம்? இன்றைய முதல் வாசகம் நம்மை யோப்பா நகரில் ஒரு மேல்மாடி அறைக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே தபித்தா இறந்து கிடக்கிறார். உடலைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கிறார்கள். பக்கத்து ஊரான லித்தாவிலிருந்து பேதுரு வந்து சேர்கிறார். உள்ளே நுழைந்தவரைக் கைம்பெண்கள் சூழ்ந்துகொண்டு அழுகிறார்கள். தபித்தாவின் நற்பண்புகளை அவர்கள் பட்டியல் போடவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது தங்களுக்குச் செய்து கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவருடைய பேச்சு ஒன்றைக்கூட லூக்கா நமக்குத் தரவில்லை. அவர் தைத்த துணிதான் அவருக்காகப் பேசியது.

தபித்தாவின் வீட்டு வாழ்க்கையைப் பற்றி விவிலியம் இதற்கு மேல் சொல்வதில்லை. ஆனால் அவரைப் போலவே துணியும் ஊசியுமாக வாழ்ந்த பெண்களின் ஊர் ஒன்று நம் காலத்தில் இருக்கிறது. அவர்களுடைய வாழ்க்கை ஓரளவு விரிவாகவே பதிவாகியிருக்கிறது. அவர்கள் நம் நாட்டவர் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். பாப்திஸ்து சபையைச் சேர்ந்த சகோதரிகள். என்றாலும் ஆண்டவரின் இந்த மனத்தை அவர்களிடம் நாம் கற்கலாம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம் இருக்கிறது. அங்கே வில்காக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு பெரிதாக வளைந்து, ஒரு நிலப்பரப்பை மூன்று பக்கமும் சூழ்ந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் ஊர் ஜீஸ் பெண்ட். 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845-இல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்குப் போனது. தம்மிடம் அடிமைகளாக இருந்த ஏறத்தாழ நூறு பேரை அவர் வட கரோலைனாவிலிருந்து அலபாமா வரை நடக்க வைத்தே கொண்டுவந்தார். இன்றும் அந்த ஊரில் பலருடைய குடும்பப் பெயர் பெட்வே. உடைமையாளரின் பெயரைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் நிலம் அவர்களுடையதாகவில்லை. அதே மண்ணில், அதே பருத்தியை, வாரத்துக்கு உழுது பயிரிட்டார்கள்.

அந்த ஊர்ப் பெண்கள் தைத்தவை ஒட்டுப்போர்வைகள். பழைய துணிகளைத் துண்டுகளாக்கிச் சேர்த்துத் தைத்தது மேல்துணி. அதற்கு அடியில் பஞ்சு. அதற்கும் அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி மேலிருந்து கீழ்வரை ஓட்டுத் தையல். அவ்வளவுதான் அதன் அமைப்பு. நம் வீடுகளிலும் பழைய சேலைகளை மடித்துத் தைத்த விரிப்பில் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறோம். ஆனால் அவர்களுக்கு அது உயிர்காக்கும் பொருள். மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய குடிசைகளின் இடுக்குகள் வழியே குளிர்காற்று நுழையும். செய்தித்தாள்களையும் பழைய பத்திரிகைத் தாள்களையும் சுவரில் ஒட்டி அதைத் தடுத்தார்கள். வீடு நிறையப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் மேலே போர்த்தவும் கீழே விரிக்கவும் போர்வை வேண்டும். குளிர்காலம் வருவதற்குள் அவை தைத்து முடிந்திருக்க வேண்டும்.

இவற்றை எந்த நேரத்தில் தைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பகல் முழுவதும் வயல் வேலை. பருத்திக்கு மண் கொத்துவதும் களை எடுப்பதும் காய் வெடித்ததும் பஞ்செடுப்பதும் பெண்களின் வேலையும்தான். வயல் முடிந்தால் வீட்டுத் தோட்டம் காத்திருக்கும். சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வெண்டை, பட்டாணி வகைகள், கீரை எல்லாம் அந்தத் தோட்டத்தில் விளைந்தால்தான் அடுப்பு எரியும். பருத்தி விற்ற காசு கடனுக்கே போய்விடும். பிள்ளைகள் வயிற்றுக்குப் போனது தோட்டத்து விளைச்சல். கொத்தி, நீர் ஊற்றி, பறித்து, சமைத்து, துவைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு மிஞ்சும் இரவுதான் ஊசிக்கு உரியது. களைத்த கைகளில் மிஞ்சிய நேரத்தைக் கொண்டு, மிஞ்சிய துணியைத் தைத்தார்கள்.

அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் தங்கள் கையால் எடுத்த நல்ல பருத்தி மூட்டையாகி வெளியே போனது. பருத்தி அரவை ஆலையின் தரையில் சிந்திக் கிடந்த கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்தார்கள். தூசியும் விதைத்துணுக்கும் கலந்த அந்தப் பஞ்சைக் கழியால் அடித்து அடித்துப் புடைத்து, மென்மையாக்கி, போர்வைக்குள் பரப்பினார்கள். உரச் சாக்கும் மாவுச் சாக்கும் அடித்துணி ஆயின. சாக்கின் நூலைப் பிரித்துத் தையலுக்கு எடுத்துவைத்தவர்களும் உண்டு. போர்வை நைந்து இனித் தைக்கவே முடியாது என்ற நிலை வந்தபோது அதைக் கொளுத்தி, அந்தப் புகையில் கொசுவை விரட்டினார்கள். கடைசி இழைவரை அது யாராவது ஒருவரைக் காத்துக்கொண்டிருந்தது.

அன்புக்குரியவர்களே, அங்கே யாரும் புல் தரையில் அப்பம் பலுகிய கதையை விளக்கிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. அதை வாழ்ந்தார்கள். ஆண்டவர் சீடர்களிடம் கேட்ட அந்தப் பொறுக்கி எடுக்கும் வேலையைத்தான் அந்தத் தாய்மார் ஒவ்வோர் இரவும் செய்தார்கள்.

துணித் துண்டு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உடுத்தி உழைத்த துணி. வேலைக்குப் போட்ட கால்சட்டைகள் முழங்காலில் கிழிந்திருக்கும். கிழியாத பகுதியை வெட்டி எடுப்பார்கள். பையைப் பிரித்து எடுத்த இடத்தில் வெயில் படாத நீலம் அடர்ந்து தெரியும், சுற்றிலும் வெளுத்திருக்கும். அதை மறைக்காமல் அப்படியே வைத்துத் தைத்தார்கள். அந்தப் போர்வைகளைப் பார்ப்பவருக்கு இன்றும் ஒரு மனிதர் எங்கே மண்டியிட்டு வேலை செய்தார், எங்கே கையை நுழைத்து நின்றார் என்பது தெரியும்.

1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண்மணி தைத்த போர்வையை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். அவருடைய கணவர் இறந்துவிட்டார். கணவரின் வேலை உடுப்புகளை எடுத்து ஒரு போர்வையாகத் தைக்கப் போவதாக அவர் மகளிடம் சொன்னார். கணவரின் நினைவாக அது இருக்கும். அவர் மேலுள்ள அன்பினால் அதைப் போர்த்திக்கொண்டு படுப்பேன் என்பது மிசூரியின் எண்ணம். மகள் அர்லான்சியா அப்போது பதின்வயதுப் பெண். அப்பாவின் கால்சட்டைக் கால்களையும் சட்டைத் துணியையும் கிழித்துக் கொடுத்து அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்தார். பல ஆண்டுகள் கழித்து இதை உலகுக்குச் சொன்னவரும் அந்த மகள்தான். வெளுத்த நீலமும் பழுப்புமாக அந்தப் போர்வை இன்றும் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துயரத்தை மறப்பதற்காக அந்தப் பெண் உடுப்புகளைத் தூக்கி எறியவில்லை. பெட்டியில் பூட்டி வைத்து அழவுமில்லை. துயரத்தைக் கையில் எடுத்து வெட்டி, சேர்த்து, பயன்படும் பொருளாக்கினார். யோப்பாவின் கைம்பெண்கள் இறந்தவர் தைத்த ஆடைகளைக் கையில் ஏந்தி நின்றார்கள். இந்தக் கைம்பெண் இறந்தவர் உடுத்திய ஆடைகளைக் கையில் எடுத்துத் தைத்தார். இரண்டு இடங்களிலும் துணியைத் தொட்டுக்கொண்டுதான் அவர்கள் உயிர்ப்பின் நம்பிக்கையில் நின்றார்கள். அன்பு செய்த எதுவும் கடவுள் கையில் தொலைவதில்லை என்பதுதானே உயிர்ப்பின் நம்பிக்கை.

ஆனால் இங்கே நான் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். வறுமை நல்லது, கந்தையிலும் அழகு இருக்கிறது, ஆகவே ஏழைகள் அப்படியே இருக்கட்டும் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடாதீர்கள். அந்தப் பெண்கள் மிச்சத்தைப் பொறுக்கியதற்குக் காரணம், நல்லதை வேறு யாரோ எடுத்துக்கொண்டதுதான். பருத்தி விலை வீழ்ந்துகிடந்த காலம். அந்த மக்களுக்கு முன்கடன் கொடுத்துவந்த வணிகர் ஒருவர் இறந்துபோனார். 1932-இல் அவர் குடும்பத்தார் கடனை உடனே வசூலிக்க ஆளனுப்பினார்கள். ஏறத்தாழ 60 குடும்பங்களின் வீடுகளிலிருந்து கருவிகள், கால்நடைகள், சேர்த்து வைத்த சோளம், கிழங்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவினால் பலர் உயிர் தப்பினார்கள். மிச்சத்தைச் சேர்ப்பது புண்ணியம். ஏழையின் கையில் மிச்சத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் செய்வது பாவம். இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்தப் பெண்களும் குழப்பிக்கொள்ளவில்லை. 1960-களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் பெயர் பதியக் கிளம்பினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கேம்டன் என்ற தலைமை ஊருக்குப் போக வேண்டும். 1962-இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நின்றுபோனது. எதிரே கண்ணுக்குத் தெரியும் ஊருக்குச் சாலை வழியே சுற்றிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படகு மறுபடி ஓடியது 2006-இல்தான். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊர்க் கோவிலுக்கு வந்து பேசினார். வயலில் குனிந்தே வாழ்ந்த பெண்கள் நிமிர்ந்து வரிசையில் நின்றார்கள். அதற்காக வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்தவர்கள் உண்டு.

அந்த ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் வால்டர் என்ற எபிஸ்கோப்பல் சபைக் குருவானவர் அந்தப் பக்கமாக வந்தார். ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒட்டுப்போர்வைகளைக் கண்டு நின்றார். வெள்ளைக்கார அந்நியர் ஒருவர் வருவதைப் பார்த்த அந்த வீட்டுப் பெண்மணி பயந்து காட்டுக்குள் போய்விட்டார். அந்தப் பயம் எத்தனை தலைமுறைகளின் அனுபவம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கொடியில் அவர் கண்ட போர்வைகளிலிருந்து 1966-இல் தையல் கூட்டுறவு ஒன்று பிறந்தது. பெண்கள் தாங்களே அதை நடத்தினார்கள். போர்வைகள் நியூயார்க்கில் ஏலத்துக்குப் போயின. கூலி என்பதைத் தங்கள் கையில் முதன்முறையாக வாங்கியவர்கள் அவர்களுள் இருந்தார்கள். வாக்குரிமை கேட்டதற்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்தக் கூட்டுறவே வீட்டுமனை கொடுத்தது. ஊசி பிடித்த கைகள், வீதியில் விடப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டன.

சேர்த்துக்கொள்வது அவர்களுக்குப் பழகிய வேலை. மேல்துணியைப் பெரும்பாலும் ஒவ்வொரு பெண்ணும் தனியாகவே தைப்பார். எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பது அவரவர் உள்ளத்தின் தீர்மானம். கூரையைப் போல சதுரத்துக்குள் சதுரமாக வரும் மாதிரி அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் தைத்தது போல இன்னொருவர் தைப்பதில்லை. அச்சடித்த மாதிரிப் படங்களைத் தேடாமல், கையிலிருந்த துண்டின் அளவு சொன்னபடி போனார்கள். மேல்துணி முடிந்ததும் பஞ்சும் அடித்துணியும் சேர்த்து மரச்சட்டத்தில் விரித்துக் கட்டுவார்கள். அப்போது அண்டை வீட்டுப் பெண்கள் வந்து நான்கு பக்கமும் உட்காருவார்கள். இன்று ஒருவர் வீட்டுப் போர்வை, நாளை இன்னொருவர் வீட்டுப் போர்வை. கை தைக்கும்போது வாய் ஜெபிக்கும், பக்திப் பாடல் எழும்பும். பிள்ளைகள் அந்தச் சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்து, மேலே ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, அம்மா பாடியதைத் தாங்களும் கற்றுக்கொண்டார்கள். அந்த வீடுகளில் மறைக்கல்வி வகுப்பு அப்படித்தான் நடந்தது.

நாம் வீட்டு வேலையை ஒரு பக்கமும் ஜெபத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பழகிவிட்டோம். வேலை முடியட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்கிறோம்; வேலை முடிவதேயில்லை. ஆனால் தொடக்கநூலைத் திறந்து பாருங்கள். மனிதரைப் படைத்த கடவுள் அவருக்காக என்னென்ன செய்தார்? கிழக்கே ஏதேனில் ஒரு தோட்டம் நட்டார். பிறகு மனிதர் பாவத்தில் விழுந்தார்கள். வெட்கத்தால் இலைகளைக் கோத்து மூடிக்கொண்டார்கள். அவர்களை வெளியே அனுப்புவதற்கு முன் கடவுளே அவர்களுக்குத் தோலாடை செய்து உடுத்தினார். தண்டனை சொன்ன அதே அதிகாரத்தில் தையலும் இருக்கிறது. தோட்டம் நடுவதும் ஆடை செய்வதும் வேதத்தின் தொடக்கத்திலேயே கடவுள் தம் கையால் செய்த வேலைகள். அவற்றைச் செய்யும்போது நாம் அவருடைய வேலையைத்தான் தொடர்கிறோம்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒரு பெண்மணி ஜார்ஜியா மாநிலத்தில் இருந்தார். ஹேரியட் பவர்ஸ் என்பது அவர் பெயர். 1837-இல் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு கணவரோடு சிறு நிலத்தில் பயிர் செய்து பிள்ளைகளை வளர்த்தார். விவிலியக் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்து அவர் செய்த போர்வை 1886-இல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதில் பதினொரு காட்சிகள். முதல் காட்சி ஏதேன் தோட்டம். பிறகு காயினும் ஆபேலும், யாக்கோபின் ஏணி, ஆண்டவரின் திருமுழுக்கு, சிலுவை, கடைசி இராவுணவு என்று மீட்பின் வரலாறு தொடர்கிறது. கண்காட்சியில் அதைப் பார்த்த ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டபோது அவர் கொடுக்க மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துக் குடும்பம் நெருக்கடியில் விழுந்தது. பத்து டாலர் கேட்டு, கடைசியில் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு காட்சியும் எதைச் சொல்கிறது என்று விளக்கினார். வாங்கியவர் அதை எழுதி வைத்தார். அதன் பிறகும் ஹேரியட் தம் போர்வையைப் பார்ப்பதற்காகவே அந்த வீட்டுக்குப் பலமுறை வந்து போனார். அந்தப் போர்வை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலைக்குப் போன பிறகும் தான் தைத்ததைத் தேடி வந்த அந்தத் தாயின் மனத்தில், நம்மைப் படைத்தவரின் மனத்தை நான் காண்கிறேன். அவருக்கு நாம் எப்போதும் அவருடையவர்கள்தான். எங்கே போனாலும் தேடி வருவார்.

ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகளும் 2002-இல் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் ஏறின. பிறகு நியூயார்க்குக்குப் போயின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளைத் தபால்தலைகளில் அச்சிட்டது. கட்டிலில் கிடந்தவற்றை உலகம் வந்து அண்ணாந்து பார்த்தது. அது நியாயமான மரியாதைதான். ஆனால் சகோதர சகோதரிகளே, அவை மதிப்புப் பெற்றது அன்றைக்கு அல்ல. காய்ச்சலில் நடுங்கிய குழந்தையின் மேல் அந்தப் போர்வை விழுந்த இரவிலேயே விண்ணகத்தில் அதற்கு மதிப்பு உண்டு. அருங்காட்சியகத்துக்கு வராமலே நைந்துபோன போர்வைகள் எத்தனையோ! அவற்றைத் தைத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவற்றுள் ஒன்றையும் கடவுள் இழக்கவில்லை.

மறுபடி யோப்பாவுக்கு வருவோம். பேதுரு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, முழந்தாளிட்டு ஜெபித்து, தபித்தாவை எழுந்திருக்கச் சொல்கிறார். அவர் கண் திறக்கிறார்; உட்காருகிறார். பேதுரு கை கொடுத்துத் தூக்கிவிட்டு, கைம்பெண்களையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, உயிரோடு அவரை அவர்கள் முன் நிறுத்துகிறார். உயிர் பெற்ற தபித்தாவை ஆண்டவர் அரண்மனைக்கு அனுப்பவில்லை. ஊர் ஊராகப் போய் அதிசயத்தைச் சொல்லும்படியும் அனுப்பவில்லை. அழுதுகொண்டிருந்த அதே கைம்பெண்களிடம், அதே வீட்டில், திருப்பிக் கொடுத்தார். அவருடைய எளிய அன்றாட வாழ்க்கை, உயிர்ப்பின் வல்லமையால் மீட்டுத் தரும் அளவுக்கு ஆண்டவருக்கு அருமையாக இருந்தது.

ஆகவே, வீட்டில் உழைக்கும் தாய்மாருக்கு முதலில் சொல்கிறேன். காலையில் எழுந்தது முதல் நீங்கள் செய்யும் வேலைகளுக்குச் சம்பளம் இல்லை. பல வீடுகளில் நன்றிகூட இல்லை. சமைத்ததை உண்டுவிடுகிறார்கள், துவைத்ததை அழுக்காக்கிவிடுகிறார்கள், மறுநாள் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. இது வீண் என்ற சோர்வு உங்களைத் தொடும்போது தபித்தாவை நினையுங்கள். உங்கள் கையால் உடுத்தவர்களும் உண்டவர்களும் ஒருநாள் ஆண்டவர் முன்னால் உங்களுக்காக எழுந்து நிற்பார்கள்.

ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அந்த நாள் வரை காத்திருக்காதீர்கள். யோப்பாவின் கைம்பெண்கள் தபித்தா இறந்த பிறகு ஆடையை எடுத்துக் காட்டினார்கள். நீங்கள் இன்றே காட்டுங்கள். உங்களுக்காக என்ன செய்தார் என்பதை அவர் காதுபடச் சொல்லுங்கள். சொல்வதோடு நிறுத்தாமல், கை கொடுங்கள். மரச்சட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஆள் உட்கார்ந்தால்தான் போர்வை சீக்கிரம் முடியும்.

நம் எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். நம் குடும்பத்திலும் பங்கிலும் யாரை மிச்சத் துண்டாக ஒதுக்கி வைத்திருக்கிறோம்? பின்கட்டு அறையில் பேச ஆளில்லாமல் படுத்திருக்கும் பெரியவர் உண்டு. குடிப்பழக்கத்தால் பெயர் கெட்டு, நல்லது கெட்டதுக்கு யாரும் அழைக்காத தம்பி உண்டு. திருமணம் முறிந்து வீடு திரும்பிய மகள், தேர்வில் தோற்றுவிட்டு வெளியே தலைகாட்டாத பையன், சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன், எல்லாரும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசும்போது, இனி அங்கே ஒன்றுமில்லை என்று முடித்துவிடுகிறோம். கிழிந்த கால்சட்டையில் கிழியாத பகுதியைத் தேடிக் கண்டுபிடித்த அந்தத் தாய்மாரின் கண்ணை ஆண்டவரிடம் கேளுங்கள். எந்த மனிதரிடமும் கிழியாத பகுதி இருக்கிறது. அதை அன்போடு எடுத்து, நம் வாழ்வோடு சேர்த்துத் தைப்பது நம் வேலை. இந்த வாரம் ஒரே ஒருவரைத் தேடிப் போங்கள். போகும்போது உங்கள் தோட்டத்தில் விளைந்த கீரையோ, உங்கள் அடுப்பில் வெந்த சோறோ கொஞ்சம் எடுத்துப் போங்கள்.

இன்றைய நற்செய்தியில் பலர் ஆண்டவரை விட்டுப் போய்விட்டார்கள். அவருடைய பேச்சு கடினம் என்றார்கள். பேதுருவும் மற்றவர்களும் நின்றார்கள். போவதற்கு வேறு யாரும் இல்லை என்று அறிந்து நின்றார்கள். அப்படி நின்ற பேதுருதான் பின்னாளில் யோப்பாவின் அந்த மாடிப்படியில் ஏறினார். ஆண்டவரோடு இருப்பவர்கள், தொலைந்துபோனது என்று உலகம் கைவிட்ட இடத்துக்கு ஏறிப் போகிறவர்கள்.

இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் அப்பம் பிட்கப்படும். நற்கருணை வழங்கி முடித்த பிறகு, தட்டில் ஒட்டியிருக்கும் சிறு துணுக்கைக்கூட விடாமல் குருவானவர் கிண்ணத்தில் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிகச் சிறிய துணுக்கிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்று திரு அவை நம்புகிறது. அதனால்தான் அவ்வளவு கவனம். தட்டில் இருக்கும் துணுக்குக்கு நாம் காட்டும் அதே வணக்கத்தை, கோவிலை விட்டு இறங்கியதும் நாம் சந்திக்கும் எளிய மனிதருக்கும் காட்டினால், நம் திருப்பலி நிறைவு பெறும்.

மன்றாடுவோம். ஒன்றையும் இழக்க மனமில்லாத ஆண்டவரே, எங்கள் வீடுகளில் தைக்கிற, சமைக்கிற, நடுகிற, நீர் ஊற்றுகிற எல்லாக் கைகளையும் ஆசீர்வதியும். உழைத்தவருக்கு உரியதை எடுத்துக்கொள்ளும் அநியாயம் எங்கள் நடுவில் இல்லாமல் போகச் செய்யும். நாங்கள் கைவிட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் மனத்தை எங்களுக்குத் தாரும். உயிர்த்த ஆண்டவராகிய நீர் எங்களையும் உம் கையில் வைத்துக் காத்தருளும். ஆமென்.